வீட்டு நன்னீர் மீன்தொட்டிகளில் தோன்றும் சிற்றுயிர்களை இனங்காணல்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் வைக்கப்படும் நன்னீர் மீன்தொட்டிகளில் மீன்களும் செடிகளும் அன்றி, அரை மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை அளவுள்ள பல சிற்றுயிர்களும் தோன்றுகின்றன. பேச்சுவழக்கு இவை அனைத்தையும் 'பூச்சி' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. இப்பொதுப்பெயர், தீங்கற்றவற்றையும் தீங்கு தருவனவற்றையும் ஒன்றாக்கி, தேவையற்ற மருந்துப் பயன்பாட்டிற்கு வழிவகுக்கிறது. உயிரியின் இருப்பிடம், அசைவு, வடிவம், உறுப்புகள் ஆகிய நான்கையும் வரிசையாக நோக்கினால், எளிய கருவிகளைக் கொண்டே அது எப்பிரிவைச் சார்ந்தது என்பதை அறியலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளான வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நீர்ச்சூழலும், தமிழ்ப் பெயர் வழக்கும் இவ்விளக்கத்திற்குக் களமாகின்றன.

திறவுச்சொற்கள்: மீன்தொட்டி, சிற்றுயிர், கூத்தாடி, சைக்ளோப்ஸ், நீர்த்தெள்ளு, இனங்காணல், புதுச்சேரி.

1. முன்னுரை

வண்ணமீன் வளர்ப்பு இன்று நகரங்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று. ஊர்ப்புறத்து வீடுகளின் கூடத்தில் கண்ணாடித் தொட்டியும், திண்ணையோரத்தில் கப்பி மீன்கள் விடப்பட்ட சிமெண்டுத் தொட்டியும் இடம்பெறுகின்றன. தொட்டி அமைத்துச் சில வாரங்கள் கழிந்ததும், கண்ணாடியின் உட்புறத்தில் வெண்ணிறப் புள்ளிகள் ஊர்வதும், நீரினூடே நூல்போன்ற புழுக்கள் நெளிவதும் கண்ணில் படுகின்றன. வளர்ப்போர் முதலில் அடைவது அச்சம். "தொட்டியில் பூச்சி விழுந்துவிட்டது" என்று கூறி, நீர் முழுவதையும் கொட்டிவிடுவதும், கடையில் கிடைக்கும் மருந்தை ஊற்றுவதும் இதன் தொடர்ச்சியாக நிகழ்கின்றன.

இச்செயலின் விளைவு பெரும்பாலும் மீன்களையே தாக்குகிறது. மீன்கழிவிலும் எஞ்சிய உணவிலும் இருந்து உருவாகும் அம்மோனியாவை, கற்களிலும் வடிகட்டிப் பஞ்சிலும் படிந்து வாழும் பாக்டீரியங்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியைக் கழுவித் துடைத்து மீண்டும் அமைக்கும்போது இப்பாக்டீரியங்கள் அழிகின்றன. அடுத்த சில நாள்களில் அம்மோனியா மிகுந்து மீன்கள் இறக்க நேர்கிறது. பழி மட்டும் பூச்சியின்மேல் விழுகிறது. ஆகவே, தோன்றிய உயிரி எது என்று அறிவதே முதற்பணி. அதை நீக்குவதா, விட்டுவைப்பதா என்பது அதன்பின் எழவேண்டிய வினா.

2. 'பூச்சி' என்னும் பொதுப்பெயர்

தமிழில் 'பூச்சி' என்ற சொல்லின் எல்லை விரிந்தது. பறக்கும் பட்டாம்பூச்சியும் பூச்சியே; குழந்தையின் வயிற்றில் உள்ள குடற்புழுவும் நாக்குப்பூச்சி எனப்படுகிறது. அதனால் 'பூச்சி மருந்து' என்பது குடற்புழு நீக்கும் மாத்திரையையும் குறிக்கிறது. வயலுக்குத் தெளிக்கும் நஞ்சையும் குறிக்கிறது. அறிவியலில் பூச்சி என்பது ஆறு கால்களையும், தலை, மார்பு, வயிறு என்ற மூன்று பகுதிகளையும் உடைய உயிரியை மட்டுமே சுட்டும். இவ்வரையறைப்படி நோக்கினால், மீன்தொட்டியில் 'பூச்சி' எனப்படுவனவற்றுள் பல பூச்சிகள் அல்ல. அவற்றுட் சில இறால், நண்டு ஆகியவற்றின் உறவினமான ஓட்டுடலிகள்; சில மண்புழுவின் உறவினம்; சில தட்டைப்புழுக்கள்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவது அன்று. பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பகுதி. வேளாண் குடும்பங்களின் வீட்டில் பயிருக்கான பூச்சிக்கொல்லி இருப்பது இயல்பு. பெயர் 'பூச்சி' என்றால் மருந்து 'பூச்சி மருந்து' என்று எண்ணம் செல்வதும் இயல்பே. ஆனால் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மிகச்சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லக்கூடியவை. பெயர் தவறினால் மருந்தும் தவறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும், தமிழ் வழக்கு நுட்பமாகப் பெயரிடும் திறனற்றது என்று கொள்வதற்கில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் புலனறிவின் அடிப்படையில் வகுக்கிறது. நத்தையினத்தைச் சுட்டும் நந்து ஈரறிவுயிர்களிலும், சிதலும் எறும்பும் மூவறிவுயிர்களிலும், நண்டும் தும்பியும் நாலறிவுயிர்களிலும் வைக்கப்படுகின்றன. உருவ அளவை நோக்காது, உயிரி தன் சூழலை எவ்வாறு உணர்கிறது என்பதை நோக்கிய வகைப்பாடு இது. மக்கள் வழக்கும் இவ்வாறே நுட்பமானது. நீரில் உடலை மடக்கி மடக்கி நெளியும் கொசுவின் இளம்புழுவுக்குக் 'கூத்தாடி' என்று பெயர். அப்பெயரிலேயே அடையாளம் அடங்கியிருக்கிறது. நரம்புபோல் நீண்டு உடலிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழுவால் உண்டான கொப்புளம் 'நரம்புச் சிலந்தி' எனப்பட்டது. 'சிலந்தி' என்னும் சொல்லுக்குப் புண், கொப்புளம் என்ற பொருளும் உண்டு. அசைவையும் வடிவையும் கண்டு பெயரிடும் இந்த மரபே மீன்தொட்டிச் சிற்றுயிர்களை இனங்காண்பதற்கும் ஏற்ற தொடக்கமாகும்.

3. சிற்றுயிர்கள் தொட்டியை அடையும் வழிகள்

வில்லியனூர் கொம்யூனின் எல்லையில் ஊசுட்டேரி அமைந்துள்ளது. சங்கராபரணி ஆறு வில்லியனூர் வழியாகச் செல்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வருகிறது. ஏரி, வாய்க்கால், நெல்வயல், கோயிற்குளம் எனத் தேங்குநீரும் ஓடுநீரும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலத்தில் நன்னீர்ச் சிற்றுயிர்களுக்குக் குறைவில்லை. அவை வீட்டுத் தொட்டியை அடையும் வழிகள் நான்கு.

முதலாவது, செடிகள். குளத்திலிருந்து எடுத்து வரப்படும் வேலம்பாசியின் தண்டிலும் இலையிலும் தட்டான்களின் முட்டைகளும், ஹைட்ராவும், நத்தை முட்டைகளும் ஒட்டியிருக்கக்கூடும். இரண்டாவது, உயிருணவு. மீனுக்கு இரையாக விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவுடனும், குளத்தில் வலையிட்டுப் பிடிக்கப்படும் நீர்த்தெள்ளுடனும் பிற உயிரிகள் கலந்து வருகின்றன. மூன்றாவது, மண்ணும் மணலும். ஓட்டுடலிகள் பலவற்றின் முட்டைகள் வறட்சியைத் தாங்கிக் காய்ந்த சேற்றில் நெடுங்காலம் உயிர்த்திருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும். கோடையில் வெடித்துக் கிடந்த வயல், மழை பெய்த சில நாள்களிலேயே சிற்றுயிர்களால் நிறைவது இதனால்தான். நான்காவது, வான்வழி. கொசுவும், கடிக்காத கைரோனோமிட் ஈக்களும் திறந்த நீரைத் தேடிவந்து முட்டையிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரையே நிரப்பிய தொட்டியிலும் உயிரிகள் தோன்றுவதற்கு இவ்வழிகளே காரணமாகின்றன; அவை தாமாக உண்டாவதில்லை.

4. நோக்கும் முறை

1674-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லேவன்ஹூக் ஏரிநீரைத் தாம் செய்த ஒற்றைவில்லை நுண்ணோக்கியால் கண்டு, அதனுள் இயங்கும் நுண்ணிய உயிர்களைப் பற்றி எழுதினார். அத்தகைய நோக்கு இன்று அரிதன்று. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும், கைப்பேசியின் காணொளிப் பதிவும் பெரும்பாலான சிற்றுயிர்களை இனங்காணப் போதுமானவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய 'ஃபோல்டுஸ்கோப்' என்னும் தாள்மடிப்பு நுண்ணோக்கி, பள்ளி மாணவரும் கையாளத்தக்க மலிவான கருவியாகும்.

நோக்குவதற்கு உகந்த நேரம் இரவு. அறைவிளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கின் ஒளியைத் தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சினால், பகலில் ஒளிந்திருக்கும் உயிரிகளும் புலப்படும். பின்னர் ஒன்றிரண்டைச் சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்சி, வெண்ணிறத் தட்டில் சிறிதளவு நீருடன் விடவேண்டும். கண்ணாடிக் கிண்ணமாயின் அதன் அடியில் மில்லிமீட்டர் கோடிட்ட வரைபடத் தாளை வைத்தால் அளவும் தெரியவரும். அதன்பின் பின்வரும் நான்கு வினாக்களை இதே வரிசையில் எழுப்பவேண்டும்.

அ. உயிரி எங்கே உள்ளது? நீரின் மேற்பரப்பிலா, நடுநீரிலா, கண்ணாடியிலா, மணலுக்குள்ளா, மீனின் உடலிலா?

ஆ. எவ்வாறு அசைகிறது? துள்ளுகிறதா, வழுக்கிச் செல்கிறதா, நெளிகிறதா, ஓரிடத்தில் ஒட்டி நிற்கிறதா?

இ. எவ்வடிவினது? துளி, அவரைவிதை, நூல், இலை, வட்டத்தகடு ஆகியவற்றுள் எதனை ஒத்தது?

ஈ. எவ்வுறுப்புகள் தெரிகின்றன? கால்கள் ஆறா, எட்டா, இல்லையா? கண், முட்டைப்பை, வால் இழை உண்டா?

முதல் மூன்று வினாக்களுக்கும் வெறுங்கண்ணாலேயே விடை காணலாம். இறந்த உயிரியைக் காட்டிலும் உயிருள்ளதன் அசைவு அதிகம் அறிவிக்கும். ஆதலால், நிழற்படத்தினும் பத்து நொடிக் காணொளியே பயனுள்ளது.

5. சிற்றுயிர்களும் அவற்றின் அடையாளங்களும்

5.1 துள்ளுவன

நடுநீரில் வெட்டி வெட்டிப் பாயும் வெண்புள்ளி, பெரும்பாலும் சைக்ளோப்ஸ் ஆகும். நீளம் அரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை. உடல் முன்புறம் பருத்துப் பின்புறம் குறுகிய நீர்த்துளி வடிவினது. தலையின் நடுவே ஒரே ஒரு கண்ணே உண்டு. கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயர் இதற்கு வழங்குவது அதனால்தான். பெண் உயிரி, பின்னுடலின் இருபுறமும் இரண்டு முட்டைப்பைகளைச் சுமந்து திரியும். இவ்விரு பைகளும் கைவில்லையில் தெளிவாகத் தெரியும் உறுதியான அடையாளம்.

சீரான இடைவெளியில் மேலெழும்பி மெல்லத் தாழ்வது நீர்த்தெள்ளு. டாப்னியா, மொய்னா ஆகியன இவ்வகையின. தெள்ளுப்பூச்சிபோல் துள்ளினாலும் இதுவும் ஓட்டுடலியே; தலையிலுள்ள கிளைத்த உணர்கொம்புகளைத் துடுப்பாக வீசி நீந்துகிறது. ஒளி ஊடுருவும் உடலினுள் இதயம் துடிப்பதையும் முதுகுப்புறப் பையில் முட்டைகள் இருப்பதையும் காணலாம். நீரில் உயிர்வளி குறையும்போது இது குருதி நிறமியை மிகுதியாக உண்டாக்கிச் செந்நிறம் பெறும். ஆகவே, நீர்த்தெள்ளு சிவப்பது தொட்டியின் நிலையையும் அறிவிக்கிறது. இவ்விரு வகையும் மீன்களுக்குத் தீங்கற்றவை, மீன்குஞ்சுகளுக்கு நல்லுணவு.

5.2 வழுக்கிச் செல்வன

கண்ணாடியின்மீதும் கூழாங்கற்களிடையேயும் சிறு அவரைவிதை உருள்வதுபோல் இடையறாது செல்வது ஆஸ்ட்ரகோடு. இதன் உடல், சிப்பியைப் போன்ற இருமடல் ஓட்டினுள் அடங்கியிருக்கும். தொட்டால் ஓட்டை மூடிக்கொண்டு அடியில் விழும். நெல்வயல் நீரில் மிகுதியாகக் காணப்படும் உயிரி இது. அழுகும் இலையையும் எஞ்சிய உணவையும் தின்பதால் தூய்மைப் பணியாளன் எனலாம்.

இதே கண்ணாடியில், இலைபோல் தட்டையான உடலுடன் வழுக்கிச் செல்வது பிளனேரியா. முக்கோணத் தலையும், அதன்மேல் மாறுகண் போன்று தோன்றும் இரு கண்புள்ளிகளும் இதன் அடையாளங்கள். இது மீன் முட்டைகளையும், தோலுரித்த இளம் இறால்களையும் தாக்கக்கூடியது. துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் முழு உயிரியாக வளரும் ஆற்றலுடையது என்பதால், தொட்டியினுள் நசுக்குதல் கூடாது. சிறு துளையிட்ட புட்டியில் இறைச்சித் துண்டு வைத்து இரவில் தொட்டியில் இட்டால், உள்ளே புகுந்தவற்றை விடியலில் அகற்றலாம்.

5.3 நெளிவன

தலைமயிரின் பருமனே உடைய வெண்புழுக்கள் நீரில் நெளிந்து மிதப்பது வளர்ப்போரைப் பெரிதும் அஞ்சச் செய்யும் காட்சி. தலை, கண் எதுவும் தனித்துத் தெரியாத இவை நைடிடே குடும்பத்தைச் சார்ந்த கசடுண்ணிப் புழுக்கள். மணலுக்குள் எப்போதும் வாழ்வன. உணவு மிகுந்து பெருகும்போதும், அடிமணலில் உயிர்வளி குன்றும்போதும் மேலே வருகின்றன. பிளனேரியாவின் முக்கோணத் தலை இவற்றுக்கு இல்லை. வழுக்கிச் செல்வதும் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மருந்திடுவதே மிகுதியாக நிகழும் பிழை.

செந்நிறப் புழுவாயின், அது டியூபிஃபெக்ஸாகவோ கைரோனோமிட் ஈயின் இளம்புழுவாகவோ இருக்கும். டியூபிஃபெக்ஸ் தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே அசைத்துக்கொண்டு கூட்டமாக நிற்கும். கைரோனோமிட் இளம்புழுவுக்குத் தெளிவான தலையும், தலைக்குப் பின்னும் வால் முனையிலும் குட்டையான போலிக்கால்களும் உண்டு; நீந்தும்போது உடலை எட்டு என்னும் எண்ணைப்போல் வளைக்கும். இதன் முதிர்ந்த ஈ கொசுவை ஒத்திருந்தாலும் கடிப்பதில்லை.

5.4 ஒட்டி நிற்பன

செடியிலோ கண்ணாடியிலோ ஒரு முனையால் ஒட்டிக்கொண்டு, மறுமுனையில் நூல்போன்ற கைகளை விரித்து நிற்பது ஹைட்ரா. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டது. தொட்டவுடன் சுருங்கிச் சிறு உருண்டையாகிவிடும். கைகளிலுள்ள கொட்டும் உயிரணுக்களால் சிற்றிரைகளையும், சிலபோது புதிதாகப் பிறந்த மீன்குஞ்சுகளையும் பிடிக்கிறது. 1740-களில் ஆபிரகாம் டிரெம்பிளி இதனைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் மீண்டும் வளர்வதைக் கண்டார். 1744-இல் வெளிவந்த அவரது நூல் உயிரியல் வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது. எனவே, ஹைட்ராவைத் தொட்டிக்குள்ளேயே சுரண்டுவது அதனைப் பெருக்குவதற்கு ஒப்பாகும். அது ஒட்டியுள்ள இலையையே வெட்டி வெளியேற்றுவது நன்று.

5.5 மேற்பரப்பில் இருப்பன

நீர்ப்பரப்பில் தூசிபோல் கூடியிருந்து, தொட்டதும் தத்திக் குதிப்பவை வில்வாலிகள். ஈரமான இடங்களிலும் மிதக்கும் இலைகளிலும் வாழும் இவை தீங்கற்றவை. நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகத் தொங்குவது கூத்தாடி. நிழல் பட்டதும் நெளிந்து ஆழத்திற்குச் செல்லும். சற்று நேரத்தில் மூச்சுக்காக மீண்டும் மேலே வரும். கியூலெக்ஸ், ஏடிஸ் ஆகியவற்றின் கூத்தாடிகள் வாற்புற மூச்சுக்குழலால் சாய்வாகத் தொங்குகின்றன. அனாஃபிலிஸ் கூத்தாடிக்கு அக்குழல் இல்லாமையால் நீர்ப்பரப்பிற்கு இணையாகக் கிடக்கிறது. அடுத்த பருவமான கூட்டுப்புழு, காற்புள்ளியைப்போல் தலை பருத்து வால் வளைந்திருக்கும்.

5.6 வேட்டையாடுவன

செடிகளிடையே ஆறு கால்களுடன் அசையாது காத்திருப்பது தட்டான் அல்லது ஊசித்தட்டானின் இளவுயிரி. வாற்புறத்தில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருப்பின் ஊசித்தட்டான். உடல் பருத்து அச்செவுள்கள் இல்லாதிருப்பின் தட்டான். தலையின் அடியில் மடங்கியிருக்கும் கீழுதட்டை நொடியில் நீட்டி இரையைப் பற்றும். மீன்குஞ்சுகள் நாள்தோறும் எண்ணிக்கையில் குறைந்துவந்தால் முதலில் ஐயுறவேண்டியது இதனையே. ஆயினும் ஏரியிலும் வயலிலும் இவ்வுயிரியே கூத்தாடிகளைத் தின்று கொசுவைக் குறைக்கிறது. ஆதலால் கொல்லாமல், செடி வந்த குளத்திலேயே விட்டுவிடலாம்.

5.7 மீனின் உடலில் காணப்படுவன

உண்மையான ஒட்டுண்ணிகளைத் தேடவேண்டிய இடம் கண்ணாடியன்று, மீனின் தோலே. மீன்பேன் எனப்படும் ஆர்குலஸ், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளி ஊடுருவும் தகடுபோன்றது. இரு வட்டமான உறிஞ்சிகளால் மீனைப் பற்றிக்கொள்ளும். நங்கூரப்புழு எனப்படும் லெர்னியா, மீனின் தசையில் தலையைப் புதைத்து நூல்போல் வெளியே நீண்டிருக்கும். நுனியில் இரு முட்டைப்பைகள் பிரியும். பெயரில் புழு என்றிருப்பினும் இது சைக்ளோப்ஸின் உறவினமான ஓட்டுடலியே. இவ்வொட்டுண்ணிகள் உள்ள மீன்கள் உடலைக் கற்களில் தேய்க்கும். தோலில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள் தோன்றினால், அது ஒருசெல் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய். இம்மூன்றுக்கும் மருத்துவம் தேவை. அதுவும் மீன்வள வல்லுநரின் அறிவுரைப்படி, முடிந்தவரை தனித்தொட்டியில் செய்யப்படவேண்டும். நங்கூரப்புழுவுக்கும் வெண்புள்ளிக்கும் மருந்து வேறு என்பதால், இங்கும் இனங்காணலே முந்தியது.

6. இனங்காணலும் மனித நலமும்

ஒரு மில்லிமீட்டர் உயிரியை அறிவது மக்கள் வாழ்வையே மாற்றக்கூடும் என்பதற்கு இந்திய வரலாற்றில் சான்றுகள் உள்ளன. நரம்புச் சிலந்தி நோய், குடிநீரில் விழுங்கப்படும் சைக்ளோப்ஸின் வழியாகப் பரவியது. ரஷ்ய அறிஞர் ஃபெட்சென்கோ 1870 அளவில் இவ்வுறவை வெளிப்படுத்தினார். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. எனினும் குடிநீரைத் துணியால் வடிகட்டுதல், மக்கள் இறங்கி நீரெடுக்கும் படிக்கிணறுகளை மாற்றுதல், நீர்நிலைகளில் சைக்ளோப்ஸைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றாலேயே இந்தியா இதனை ஒழித்தது. நாட்டின் இறுதி நோயாளி 1996-இல் இராசத்தானில் பதிவானார். 2000-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாகச் சான்றளித்தது. ஆகவே, இன்று மீன்தொட்டியில் சைக்ளோப்ஸைக் காண்போர் அந்நோயை எண்ணி அஞ்சவேண்டியதில்லை. வியட்நாமில் இதே பிரிவைச் சார்ந்த மெசோசைக்ளோப்ஸ் உயிரிகள், நீர்த்தொட்டிகளில் விடப்பட்டு ஏடிஸ் கூத்தாடிகளைத் தின்னப் பயன்பட்டன. ஒரே பிரிவைச் சார்ந்த உயிரி ஓரிடத்தில் நோய்க்கு வழியாகவும் மற்றோரிடத்தில் காவலாகவும் அமைந்தது.

புதுச்சேரிக்கு நெருக்கமான சான்று கூத்தாடியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-இல் புதுச்சேரியில் நிறுவப்பட்டது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவைக் கட்டுப்படுத்த, 1981 முதல் ஐந்தாண்டுகள் புதுச்சேரி நகரில் இம்மையம் ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றை நடத்தியது. கூத்தாடிகளை மட்டும் தாக்கி மீன்களுக்குத் தீங்கு செய்யாத பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியத்தின் ஒரு வகையும் இம்மையத்தால் உருவாக்கப்பட்டது.

வீட்டைப் பொறுத்தவரை, மீன்கள் உள்ள தொட்டியில் கூத்தாடி நிலைப்பதில்லை; கப்பி மீன் அதனைத் தின்றுவிடும். இடர் இருப்பது மீன்தொட்டியைச் சூழ்ந்துள்ள பிற கலங்களில்தான். செடிகளை ஊறவைத்த வாளி, மாற்றுநீர் நிரப்பிய பீப்பாய், மீன் இறந்தபின் கவனிப்பாரற்று நிற்கும் தொட்டி ஆகியவை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடங்கள். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள்களே ஆகும். வாரம் ஒருமுறை இக்கலங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடவேண்டும் என்னும் அறிவுரையின் அடிப்படை இக்கணக்கே. நடுநீரில் துள்ளும் சைக்ளோப்ஸைக் கண்டு அஞ்சி மருந்திடும் ஒருவர், பக்கத்து வாளியில் தொங்கும் கூத்தாடியைக் காணாமல் விடுவது இனங்காணாமையின் முழுப்பொருளையும் காட்டுகிறது.

7. மேற்கொள்ளத்தக்க செயல்கள்

சிற்றுயிர்களின் எண்ணிக்கை, தொட்டியில் எஞ்சும் உணவின் அளவைக் காட்டும் குறியீடு. ஆஸ்ட்ரகோடுகளும் கசடுண்ணிப் புழுக்களும் திடீரெனப் பெருகினால், மீன்கள் இரண்டொரு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு உணவைக் குறைக்கவேண்டும். மணலில் படிந்த கசடைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரில் கால்பங்கை மட்டும் மாற்றவேண்டும். சில வாரங்களில் அவை தாமே குறையும்.

மருந்தைப் பயன்படுத்துமுன் அதன் உட்பொருளை அறிதல் இன்றியமையாதது. செம்பு கலந்த மருந்துகள் ஓட்டுடலிகளைக் கொல்லும்போது இறால்களையும் நத்தைகளையும் சேர்த்தே கொல்கின்றன. ஒரே நேரத்தில் இறந்த ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் அழுகுவதால் அம்மோனியா மிகும். மருந்து நேரடியாகத் தாக்காத மீன்களும் அதனால் இறக்கலாம். வயலுக்கான பூச்சிக்கொல்லி எதனையும் மீன்தொட்டிக்கு அருகிலும் கொண்டுசெல்லலாகாது.

தொட்டியின் நீரையும் செடிகளையும் மீன்களையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவதையும் தவிர்க்கவேண்டும். ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை. வெளிநாட்டு மீன்களும் அவற்றின் ஒட்டுண்ணிகளும் அங்கே புகுந்தால் மீட்பது அரிது. அகற்றிய நீரைத் தென்னைக்கோ தோட்டத்துச் செடிகளுக்கோ ஊற்றினால், அதிலுள்ள நைட்ரேட் உரமாகிறது. நீர்வாழ் சிற்றுயிர்களும் பரவுவதில்லை.

8. முடிவுரை

வீட்டு மீன்தொட்டியில் தோன்றும் சிற்றுயிர்களுள் பெரும்பாலானவை மீனுக்கும் மனிதருக்கும் தீங்கற்றவை, சில நன்மை தருபவை, மிகச்சிலவே நீக்கத்தக்கவை. நடுநீரில் துள்ளுவதும், அவரைவிதைபோல் உருள்வதும், கண்ணற்று நெளிவதும் விட்டுவைக்கத்தக்கன. முக்கோணத் தலையுடன் வழுக்குவதும், கைவிரித்து ஒட்டி நிற்பதும், ஆறு கால்களுடன் பதுங்குவதும், குஞ்சுகளும் இறால்களும் வளர்க்கப்படும் தொட்டியிலிருந்து அகற்றத்தக்கன. மீனின் தோலைப் பற்றியிருப்பது மருத்துவம் வேண்டுவது. மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்குவது எங்குக் காணினும் அன்றே அழிக்கத்தக்கது.

'பூச்சி' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன; 'கூத்தாடி' போன்ற சொல்லில் அவை வெளிப்படுகின்றன. நீர்த்தெள்ளு, மீன்பேன், நங்கூரப்புழு, வில்வாலி என அசைவையும் உருவையும் காட்டும் பெயர்கள் பள்ளிப் பாடங்களிலும் மீன் வளர்ப்போர் பேச்சிலும் நிலைபெறுமாயின், இனங்காணல் பெயரிலிருந்தே தொடங்கிவிடும். ஏரியும் வயலும் சூழ்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் பள்ளிகளில், ஒரு வெண்தட்டும் கைவில்லையும் கொண்டே இதனைப் பயிற்றுவிக்க இயலும். அப்பயிற்சி மீன்தொட்டியைக் காப்பதோடு, வீட்டைச் சுற்றியுள்ள நீரையும் நோக்கக் கற்பிக்கும்.